திரையுருவும் தொழிலாளரும்

கணிப்பொறித் திரையில் ஒருவருக்காக நடமாடும் உருவத்தை 'அவதார்' என்பர். 'அவதாரம்' என்னும் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. 2003ஆம் ஆண்டில் தோன்றிய 'செகண்ட் லைஃப்' என்னும் இணைய உலகில், ஐ.பி.எம். நிறுவனத்தார் இத்தகைய உருவங்களைக் கொண்டு கூட்டங்கள் நடத்தினர். அவை தக்க தோற்றத்துடன் வருதல் வேண்டும் என 2007இல் நெறியும் வகுத்தனர். அது முறையே, பறவைத் தலையுடன் வந்து விலை பேசுவாரை யார் நம்புவர்?

அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள், ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டமையால் வருந்திய இத்தாலியத் தொழிலாளர், தம் உருவங்களை அவ்வுலகில் அந்நிறுவனத்தின் இடங்களுக்கே அனுப்பி, கண்டன அட்டைகளை ஏந்தச் செய்தனர். பிற நாட்டவரும் உடன் திரண்டனர். அதனை விளையாட்டென்று நகைத்தல் பொருந்துமோ? உருவம் பேசும் வணிகம் மெய்யாயின், அது எழுப்பும் முறையீடும் மெய்யே அன்றோ? உடைக்கு விதி செய்யும்போது உருவின் பின்னே ஊழியர் உளர் என்று கருதுவோர், குறை கேட்கும்போது மட்டும் அவரை மறத்தல் நேர்மையன்று. இத்தாலியில் பின்னர்ப் புதிய உடன்பாடு ஏற்பட்டது.