‘அரை மூடி’ அளவல்ல

“பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, ராத்திரி தூங்கவே மாட்டேங்குது, ஏதாவது சிரப் குடுங்கண்ணே.” மழைக்காலம் வந்தால் மருந்துக்கடைகளில் ஓயாமல் கேட்கும் குரல் இது. பதிலுக்கு மேசைக்கு வருவது பெரும்பாலும் குளோர்பெனிரமின் என்னும் ஆன்டிஹிஸ்டமின் கலந்த ஒரு புட்டி. கூடவே ஓர் அறிவுரை: “அரை மூடி குடுங்கம்மா.”

சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிஹிஸ்டமின் அதைக் குணப்படுத்தாது. சிறு குழந்தைக்கு அது தருவது பெரும்பாலும் தூக்கம்தான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. குளோர்பெனிரமின், புரோமெத்தசின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைபவை. புரோமெத்தசின் கைக்குழந்தையின் மூச்சையே மந்தமாக்கிவிடும் என்பதால் 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. சில பிள்ளைகள் நேர்மாறாக, தூங்காமல் பதறி அழும். மருந்து போதவில்லை என்று நினைத்துப் பெற்றோர் இன்னொரு வேளை ஊற்றுவார்கள்.

குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று புட்டியிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைவர் உத்தரவிட்டார். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகளைக் கொன்றது அதில் கலந்திருந்த டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுதான், ஆன்டிஹிஸ்டமின் அல்ல. ஆனால் அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதையும், சாதாரணச் சளிக்காக அதைக் குடித்த பிள்ளைகள் இறந்தார்கள் என்பதையும் நம் மருந்துத் துறை மறக்கக் கூடாது.

அரிப்புத் தடிப்பு, ஒவ்வாமைத் தும்மல் என்று உண்மையான தேவை இருந்தால் செடிரிசின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்து இருக்கிறது. 2 முதல் 5 வயதுவரை ஒரு நாளைக்கு மொத்தம் 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார்.

எந்த மருந்தானாலும் பேச்சு மில்லிகிராமில் தொடங்கட்டும். மேலே சொன்ன கூட்டு மருந்தின் டிராப்ஸில் 1 மி.லி.க்கு 2 மி.கி. குளோர்பெனிரமின் இருக்கிறது. சிரப் ஊற்றிய பழக்கத்தில் ஒரு தாய் 5 மி.லி. ஊற்றினால் பிள்ளைக்குப் போவது 10 மி.கி., அதாவது பெரியவர்களின் 4 மி.கி. மாத்திரை இரண்டரை. மூடியும் சமையலறை ஸ்பூனும் இதைத் தடுக்காது. ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்து, அளவுக்கோட்டில் பேனாவால் குறியிட்டு, அம்மாவையே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வயதையும் எடையையும் கேளுங்கள். “வீட்ல வேற என்ன சிரப் குடுக்கிறீங்க?” என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். காய்ச்சல் மருந்து என்று அவர்கள் நினைக்கும் கூட்டுப் புட்டிக்குள்ளும் இதே குளோர்பெனிரமின் இருக்கலாம்.

குளவி கொட்டியோ வேர்க்கடலை தின்றோ பிள்ளைக்கு மூச்சு இரைத்தால், நாக்கு வீங்கினால், துவண்டு விழுந்தால் சிரப்புக்கு அங்கே வேலை இல்லை. தொடையில் அட்ரினலின் ஊசி, கிலோவுக்கு 0.01 மி.கி., உடனே போடப்பட வேண்டும். பெற்றோர் கடைக்கு ஓடிவந்தால் புட்டியைத் தேடாமல் 108ஐ அழையுங்கள்.