போட்ட சாலை ஏன் பெயர்கிறது?



உங்கள் தெருவில் சிமெண்ட் சாலை போட்டார்கள். திறப்பு விழாவும் தடபுடலாக நடந்தது. ஆனால் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஜல்லி பெயர்கிறது. குறுக்கே விரிசல் ஓடுகிறது. பழைய சாலையைத் தோண்டாமல் அதன் மேலேயே போட்டதால், வாசற்படி பள்ளமாகி, மழைநீர் கடைக்குள் புகுந்து சரக்கை நாசமாக்குகிறது. 'அரசாங்க வேலை அப்படித்தான்' என்று நாமும் வாய்மூடி இருந்துவிடுகிறோம். அப்படித்தான் இருக்க வேண்டுமா?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பெல்ஃபாண்டைன் என்றொரு சிற்றூர். அந்நாட்டின் முதல் கான்கிரீட் தெரு 1891இல் அங்குதான் போடப்பட்டது. ஊர் நிர்வாகம் தயங்கியபோது, ஜார்ஜ் பார்த்தலோமியூ என்பவர் சிமெண்டை இலவசமாகக் கொடுத்தார். 5 ஆண்டு தாங்கும் என்று 5,000 டாலருக்குப் பிணையும் எழுதிக் கொடுத்தார். குதிரைகள் வழுக்காமலிருக்க மேற்பரப்பில் கட்டம் கட்டமாகக் கோடு கீறினார்கள். 130 ஆண்டுகள் கடந்தும் அவ்வூரின் பழைய கான்கிரீட்டில் ஒரு பகுதி இன்றும் தெருவாகவே இருக்கிறது!

ஆக, குற்றம் சிமெண்டில் இல்லை. வேலையில்தான் இருக்கிறது.

இளைஞர்களே! உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது அருகில் நின்று பாருங்கள். அடித்தளத்தை இறுக்கினார்களா? கலவை எளிதாக ஓட வேண்டுமென்று தண்ணீரைக் கொட்டுகிறார்களா? 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டரைத் தாண்டினால் பலம் குறையும். கான்கிரீட் காயும்போது சுருங்கும். அதனால் சுமார் நாலரை மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாம் வெட்டாவிட்டால் அது தானே கோணல்மாணலாக வெடித்துக்கொள்ளும். பிறகு நனைந்த சாக்கு போட்டோ, பாத்தி கட்டியோ 14 நாட்கள் ஈரம் காக்க வேண்டும். மறுநாளே லாரியை விட்டால் சாலை எப்படி நிலைக்கும்?

கரணையால் தேய்த்து வழவழப்பாக்குவது அழகல்ல, ஆபத்து! ஈரம் இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடிட வேண்டும். நம்மில் பலர் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள். பல விமான நிலையங்களின் ஓடுபாதையில் 6 மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் கொண்ட காடிகளை 38 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வெட்டியிருப்பார்கள். மழைநீர் அவ்வழியே வடிந்தால்தான் சக்கரம் நீரில் மிதக்காமல் தரையைப் பற்றும். அங்கே பயணிகளின் உயிருக்குத் தரும் மதிப்பை, இங்கே சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தரக்கூடாதா?

பழுது பார்ப்பதிலும் ஏமாற்று உண்டு. குழியில் கலவையை அள்ளிப் பூசினால் அது ஒரு மாதத்தில் ஓடாகப் பெயர்ந்துவிடும். கெட்டுப்போன பகுதியைச் சதுரமாக, ஓரம் நேர்குத்தாக நிற்க வெட்டி, உடைந்ததை முழுதும் அகற்றி, தூசி போகச் சுத்தம் செய்து நிரப்புவதே முறை.

வணிகப் பெருமக்களே! நாம் செலுத்தும் வரிப்பணத்தில்தான் இந்தச் சாலை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணங்களைக் கேட்கும் உரிமையை மட்டும் தரவில்லை. நடக்கும் பணியைப் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தந்திருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். பதிலுக்குக் கெடு 30 நாள். மதிப்பீடு எவ்வளவு, கனம் எத்தனை, பழுதானால் ஒப்பந்ததாரர் எத்தனை ஆண்டு பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

சாலை பெயர்ந்த பின் மறியல் செய்வதைவிட, போடும்போதே ஒரு கேள்வி கேட்பது மேல். கான்கிரீட் இறுகிய பிறகு எந்தக் கோஷமும் அதைத் திருத்தாது!