சொல்லிசை தமிழைக் கெடுக்கிறதா?

ராப் எனப்படும் சொல்லிசை தமிழ்க்கொலை என்று நம் ஆசிரியர்களுள் சிலர் இன்றும் கூறுகின்றனர். நான் முற்றாக மறுக்கிறேன்.

2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு 'வல்லவன்'. எந்தத் திரைப்படத்தையும் சாராமல் நம் மலேசிய மண்ணில் பிறந்தது. அதிலுள்ள 'மடை திறந்து' 1980-ஆம் ஆண்டுத் திரைப்பாடலின் மறுவடிவமே. ஆயினும் சொல்லிசை வரிகள் இவர்களுடையவை. மறு ஆண்டே தமிழகத்தின் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் ஒலித்தது.

சொல்லிசையில் மெட்டைவிடச் சொல்லே முதன்மை. தாளத்துக்குள் அசைகள் அடங்க வேண்டும், இயைபு தவறக்கூடாது. எதுகை மோனையை விளக்க வகுப்பில் நாம் படும் பாடு கொஞ்சமா? கடைசி வரிசை மாணவன் மேசையைத் தட்டியபடி அதைத் தானாகவே செய்கிறான். அவனை அதட்டி அமர்த்துகிறோம். ஆண்டு விழாவிலோ, திரைப்படக் குத்துப்பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவிட்டுக் கைதட்டுகிறோம்! இது என்ன நியாயம், ஐயா?

ஆங்கிலக் கலப்பு குறையே. (ஆசிரியர் அறையில் நாம் பேசும் தமிழ் மட்டும் தூயதோ?) அக்குறையைத் திருத்தலாம், ஆர்வத்தைக் கொன்றால் மீட்க இயலாது.

பெற்றோர்களே, பிள்ளை சொல்லிசை எழுதினால் தாளைப் பிடுங்காதீர்கள். வாங்கிப் படியுங்கள், பிழையிருந்தால் திருத்திக் கொடுங்கள்.