அனுமதி ஓரூரில், ஓட்டம் வேறூரில்!

வாடகைக் காரில் ஏறும் பிரயாணி, முன்பின் அறியாத ஒருவரிடம் தன் உயிரை ஒப்படைக்கின்றார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக நிற்பது அரசின் அனுமதிப்பத்திரம். அதனை வழங்கும் கை ஓரிடத்திலும், கார் ஓடும் வீதி வேறிடத்திலும் இருந்தால், கண்காணிப்பவர் யார்? இங்கிலாந்தில் பல்லாண்டுகளாக எழுந்து நிற்கும் கேள்வி இதுவே.

அந்நாட்டில் இவ்வனுமதி உள்ளூராட்சி மன்றங்களின் அதிகாரமாக வளர்ந்தது. 260க்கு மேற்பட்ட மன்றங்கள் தத்தம் விதிப்படி அதனை வழங்கி வந்துள்ளன. முன்பதிவின் பேரில் ஓடும் கார்களை, லண்டனுக்கு வெளியே பெரும்பாலும் 1976ஆம் ஆண்டுச் சட்டமே ஆளுகின்றது. காருக்கும், சாரதிக்கும், பதிவை ஏற்றுக் காரை அனுப்பும் நிறுவனத்துக்கும் ஒரே மன்றம் அனுமதி வழங்கியிருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆகவே, மூன்று ஊர்களில் நிலையம் வைத்துத் தொழில் நடத்துபவர் மூன்று மன்றங்களிடமும் அனுமதி பெறவேண்டும். ஓரூரின் காரை மற்றோரூரின் அனுமதியில் அனுப்புதல் குற்றமாகும்.

2015 ஒக்டோபரில் இக்கட்டுத் தளர்ந்தது. ஒரு மாவட்டத்தில் ஏற்ற பதிவை, வேறு மாவட்டத்தில் அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கையளிக்கலாம் என்றாயிற்று. முதலில் ஏற்றவரே பிரயாணிக்குப் பொறுப்பாளி என்ற விதி மட்டும் நிலைத்தது. இதில் நன்மை இல்லை என்று நாம் கூறோம். வெறுங்கார் நெடுந்தூரம் திரும்பும் வீண்செலவு குறையும். நள்ளிரவில் வைத்தியசாலைக்கு விரைபவருக்கு அருகிலுள்ள கார் கிடைக்கும்.

ஆனால், வேலியில் விழுந்த பொட்டு ஒருவருக்கு மட்டும் வழிவிட்டு நிற்பதில்லை. கட்டணம் குறைவான, விரைவாக வழங்கும் மன்றத்தைத் தேடிச் சாரதிகள் சென்றனர். வுல்வர்ஹாம்டன் மன்றம் அனுமதித்த கார்கள் மாஞ்செஸ்டர் வீதிகளில் நாள்தோறும் ஓடலாயின. தன் சோதனைகளில் குறைவில்லை என்று அம்மன்றம் கூறுகின்றது. வெளியூர்களுக்கு அதிகாரிகளையும் அனுப்பியுள்ளது. எனினும், தன் வீதியில் பிழைசெய்யும் சாரதியின் அனுமதியை மாஞ்செஸ்டர் மன்றம் பறிக்க இயலாது. வழங்கிய மன்றத்திடம் முறையிடவேண்டும்.

இது வெறும் நிர்வாகச் சிக்கலா? ரொதரம் நகரை நினைவுகூர்க. 1997 முதல் 2013 வரை அங்கே குறைந்தது 1,400 சிறார் பாலியற் கொடுமைக்கு ஆளாயினர் என 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. அக்கொடுமையில் வாடகைக் கார்ச் சாரதிகள் சிலருக்கிருந்த தொடர்பையும் அது சுட்டியது. பின்னர் அந்நகர மன்றம் கார்களுட் கமராவைக் கட்டாயமாக்கியது. ஆனால், வேற்றூர் அனுமதியுடன் அதே வீதியில் ஓடும் காரை அவ்விதி தொடாது! அழுது பெற்ற பாடத்தை எல்லைக்கோடு ஒன்று அழித்துவிடுவதா?

தேசம் முழுவதற்கும் ஒரே தரம் வேண்டுமென 2014 மே மாதத்திலேயே சட்ட ஆணைக்குழு விதந்துரைத்தது. அனுமதி மறுக்கப்பட்ட சாரதிகளின் விபரத்தை மன்றங்கள் பொதுப் பதிவேட்டிற் சேர்க்கவும் பார்க்கவும் 2022ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. 2025 யூனில் வெளிவந்த கேசி அறிக்கை இவ்வோட்டையை அடைக்குமாறு மீண்டும் வற்புறுத்தியது. ஒரே உண்மையைப் பதினோராண்டு இடைவெளியில் இருமுறை சொல்ல நேர்ந்தமை ஆட்சியாளருக்குப் பெருமையன்று.

எல்லை கடந்து ஓடுவதைத் தடுத்தல் பரிகாரமாகாது; அது நேர்மையான சாரதியின் சோற்றில் மண்போடுவதாகும். குறைந்தபட்சத் தரம் நாடெங்கும் ஒன்றாக இருக்கட்டும். எந்த வீதியில் கார் ஓடுகின்றதோ, அவ்வீதிக்குரிய மன்றத்துக்கு அதனை நிறுத்திச் சோதிக்கவும் தடைசெய்யவும் அதிகாரம் இருக்கட்டும். பல நிலையங்களை நடத்தும் முதலாளி எல்லா நிலையங்களின் ஏடுகளையும் எந்த மன்றத்துக்கும் திறந்து காட்டட்டும்.

இலாபம் எல்லை கடக்கலாமெனில், பொறுப்பும் எல்லை கடந்தே ஆகவேண்டும்.