மலிவு டிக்கெட்டை விற்றவர் யார்?

2025 ஜூன் 23-ஆம் தேதி கத்தாரில் உள்ள அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது. கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 16-ல் ஏர் கனடாவின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 19-ஆம் தேதி அது முடிந்தபிறகும் சேவை சீராகச் சில நாட்கள் பிடித்தன. இப்படி நடுவழியில் நிற்கும்போது டிக்கெட்டை எவ்வளவுக்கு வாங்கினோம் என்பதைவிட, யாரிடம், எப்படி வாங்கினோம் என்பதுதான் முக்கியம்.

டொரண்டோ தமிழர்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். நான் இருக்கும் ரெக்ஸ்டேலுக்கு பியர்சன் விமான நிலையம் பக்கத்துத் தெரு மாதிரி. ஆனால் சென்னைக்கோ கொழும்புக்கோ இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. தோஹா, துபாய், அபுதாபி, லண்டன், ஃபிராங்ஃபர்ட், டெல்லி என்று எங்காவது மாறித்தான் ஆகணும். மாறுகிற இடம் இருக்கும்வரை அங்கே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கு.

முதலில் விலை எப்படி வருது என்று பார்ப்போம். "ஒரே ரூட்டைத் திரும்பத் திரும்பத் தேடினா விலை ஏறிடும், பிரவுசர் ஹிஸ்டரியை அழிச்சிட்டுத் தேடு" என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவுரை சுற்றிக்கிட்டே இருக்கு. விலை ஏறுவதற்கு வழக்கமான காரணம் வேறு. எகானமி சீட்டுகளை விமான நிறுவனம் பல விலை அடுக்குகளாகப் பிரித்து வைக்கிறது. கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த அடுக்கு. குடும்பமாக நாலு பேருக்குத் தேடும்போது கீழ் அடுக்கில் ரெண்டு சீட்டுதான் மிச்சம் என்றால், பெரும்பாலும் நாலு பேருக்குமே மேல் அடுக்கு விலையைத்தான் காட்டும். ஒருவருக்கு மட்டும் ஒரு தடவை தேடிப் பார்த்தால் இது தெரிஞ்சிடும். ஜூலை, டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் கீழ் அடுக்குகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதியைச் சில நாள் தள்ளிப் பார்ப்பதில் கிடைக்கிற லாபம், ஹிஸ்டரியை அழிப்பதில் கிடைக்காது.

இதுவரை எல்லாமே நியாயமான சிக்கனம்தான். சிக்கல் அடுத்த படியில் இருக்கு. ஒப்பீட்டுத் தளங்களில் எல்லாவற்றுக்கும் மேலே வரும் மிகக் குறைந்த விலை, சில நேரம் ஒரே டிக்கெட்டாக இருக்காது. டொரண்டோவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து சென்னைக்கு இன்னொன்று. ரெண்டையும் தளம் ஒட்டிக் காட்டுது. முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. திரும்பி வரும் சீட்டும் சேர்ந்தே ரத்தாகலாம். பெட்டியைப் பெரும்பாலும் வழியில் வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்யணும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் வரும் அப்பா அம்மாவுக்கு அதற்கே ஷெங்கன் விசா தேவைப்படும்.

ஒரே டிக்கெட் என்றால் கதை வேறு. 2019-ல் வந்த கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள்படி, கடைசி ஊர்வரை கொண்டு சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. வேலைநிறுத்தம் மாதிரி அவர்கள் கட்டுப்பாட்டில் இல்லாத காரணமாக இருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தர முடியாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த உரிமை 2022 செப்டம்பரில் சேர்க்கப்பட்டது.

அடுத்தது, விற்பவர். ஒண்டாரியோவில் பயண முகவர்கள் டிக்கோ என்ற பயணத் துறைக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கணும். அப்படிப்பட்டவரிடம் வாங்கிய பிறகு முகவரோ விமான நிறுவனமோ திவாலானால், அதன் இழப்பீட்டு நிதியிலிருந்து ஒருவருக்கு 5,000 டாலர் வரை கோரலாம். ஆம்ஸ்டர்டாம் வழியாக டொரண்டோவுக்குப் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ல் மொத்தமாக நின்றுபோனதை மறந்திருக்க மாட்டோம். இந்த நிதி வேலைநிறுத்தத்துக்கோ தாமதத்துக்கோ உதவாது. விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினாலும் பொருந்தாது. எங்கோ வெளிநாட்டில் இருந்து நடத்தப்படும், இங்கே பதிவில்லாத தளத்தில் வாங்கினாலும் பொருந்தாது. ஆனால் அந்தத் தளமும் ஆல்பியன் சாலையில் கடை வைத்திருக்கும் முகவரும் திரையில் ஒரே பட்டியலில், ஒரே எழுத்தில்தான் வருகிறார்கள். நூறு டாலர் வித்தியாசம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது.

இதைச் சரிசெய்ய முடியாதா? முடியும். 2012 டிசம்பர் வரை கனடாவில் வரியை மறைத்து விலை போட்டார்கள். அதன்பிறகு வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்த விலையைத்தான் விளம்பரத்தில் காட்டணும் என்று விதி வந்தது. அதே மாதிரி, இது ஒரு டிக்கெட்டா ரெண்டா, விற்பவர் எந்த ஊரில் பதிவானவர் என்ற ரெண்டு விவரங்களையும் விலைக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லலாம். இந்தத் தகவல் தளங்களிடம் ஏற்கெனவே இருக்கு. மென்பொருள் வேலையாகப் பார்த்தால் பெரிய விஷயமே இல்லை.

அதுவரைக்கும் நாமே தேடிப் பார்க்கணும், சரி. விடுமுறைக்குப் போகிறவருக்கு அதற்கு நேரம் இருக்கு. ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு போனில் டிக்கெட் போடுகிறவருக்கு இருக்காது. விதி தேவைப்படுவது முக்கியமாக அவருக்காகத்தான்.