அப்பா தவளை போஸ் கொடுக்காது!

பச்சைக் கலர்ல ஒரு தவளை. வயிறு மட்டும் கண்ணாடி! உள்ளே துளியூண்டு இதயம், சிவப்பு ரத்தக் குழாய், குடல்... எல்லாம் பளிச்! இப்படி ஒரு போட்டோ உங்க கண்ணுல பட்டிருக்கும். 'கிராஃபிக்ஸ்டா மச்சி'னு ஹாஸ்டல் நண்பன் பந்தயம் கட்டினா, தைரியமா கையைக் கொடுங்க. டீ, சமோசா அவன் செலவு!

கண்ணாடித் தவளை நிஜமாவே இருக்கு. மெக்ஸிகோவுல ஆரம்பிச்சு அர்ஜென்டினா வரைக்கும், காட்டு ஓடைகளோரம் 150-க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் ரெண்டு, மூணு சென்டிமீட்டர்தான். நம்ம ஒரு ரூபாய் நாணயம் அளவு! 2015-ல கோஸ்டா ரிகாவுல பிரையன் குபிக்கி குழு அறிவிச்ச ஒரு இனத்துக்கு, அவர் தன் அம்மா பேரையே வெச்சார். அதோட முட்டைக் கண்ணைப் பார்த்த உலகம், 'அட, நம்ம மப்பெட் பொம்மை கெர்மிட்!'னு கொண்டாடுச்சு.

இதைப் படம் எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்லை. மழை பெஞ்ச ராத்திரியில, தலையில டார்ச் கட்டிக்கிட்டு ஓடைக்குள்ள நிக்கணும். ஆண் தவளை விடற சன்னமான விசில்தான் அட்ரஸ். ஆள் ஒளிஞ்சிருக்கறது பல நேரம் இலைக்கு அடியில! மேக்ரோ லென்ஸ் கட்டாயம். ஃப்ளாஷை நேரா அடிச்சா ஈரத் தோல் பளபளத்துப் படம் காலி. அதனால வெளிச்சத்தை மென்மையாக்க முன்னாடி ஒரு டிஃப்யூசர் மாட்டணும்.

சரி, அந்த வயிறு போட்டோ? அது பெரும்பாலும் செட்டப்! காட்டுல தவளையோட வயிறு இலையோட ஒட்டியிருக்கும். அதனால அதைப் பிடிச்சு, ஒரு கண்ணாடித் துண்டு மேல உட்கார வெச்சு, கீழேயிருந்து க்ளிக்! இனம் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் செஞ்சா அதுல அர்த்தம் இருக்கு. லைக்ஸுக்காகச் செஞ்சா?

நீங்க பிடிக்கறது ஒரு அப்பாவா இருக்கலாம். பல இனங்கள்ல, இலையில முட்டை போட்டுட்டு அம்மா கிளம்பிடும். அதுக்கப்புறம் காவல் அப்பாதான். கோஸ்டா ரிகாவுல இருக்கற ஒரு இனத்துல, ராத்திரி பகல்னு பார்க்காம டியூட்டி! அவர் நகர்ந்தா, குளவிக்கு விருந்து. நம்ம கையில தடவியிருக்கற கொசு மருந்தும் அந்த ஈரத் தோலுக்கு விஷம்.

இன்னொரு ட்விஸ்ட் இருக்கு. கண்ணாடித் தவளை பகல்ல தூங்கும்போது, தன் சிவப்பணுக்கள்ல சுமார் 89 சதவிகிதத்தைக் கல்லீரலுக்குள்ள ஒளிச்சு வெச்சுக்குது. அப்போ அதோட உடம்பு ரெண்டு, மூணு மடங்கு கூடுதலா ஒளி ஊடுருவற மாதிரி ஆயிடுது. விஞ்ஞானிகள் டபோடா, டெலியா குழு 2022-ல கண்டுபிடிச்சது இது. முழிச்சுக்கிட்டா ரத்தம் திரும்ப ஓடும், சிவப்பு தெரிஞ்சுடும். அதாவது, நாம தொட்டு எழுப்பின அந்த நிமிஷமே, எதைப் படம் எடுக்கப் போனோமோ அது போச்சு!

படம் எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுனு நினைக்காதீங்க. எந்த ஓடைனு ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது. செல்லப் பிராணியா விக்கறதுக்காகப் பிடிக்கற கும்பல் இருக்கு. அதனாலதான் 2022 நவம்பர்ல பனாமாவுல நடந்த சைட்டிஸ் மாநாடு, இந்தக் குடும்பம் மொத்தத்தையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வந்துச்சு. அடுத்த ஓடைக்குப் போறதுக்கு முன்னாடி பூட்ஸையும் கிருமிநாசினி போட்டுக் கழுவணும். தவளை இனங்களையே அழிச்சிருக்கற கைட்ரிட் பூஞ்சை, சேத்தோட சேர்ந்து நம்ம காலோடயே வரும்.

ஜெயிச்ச சமோசாவைச் சாப்பிட்டுக்கிட்டே, அந்த போட்டோவை இன்னொரு தடவை பாருங்க. சிவப்பு ரத்தம் பளிச்னு ஓடுதா? அப்போ தவளை முழிச்சிருக்கு. லைக் போடறதுக்கு முன்னாடி, எடுத்தவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

'சார், இதைத் தொட்டு எடுத்தீங்களா, காத்திருந்து எடுத்தீங்களா?'