எல்லைக் கல் உணர்த்தும் உண்மை

தாய்லாந்தின் உடோன் தானி மாகாணத்திலுள்ள பூ பிராபாத் மலையை யுனெஸ்கோ நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. வரலாற்றுக்கு முந்திய மாந்தர் அம்மலைக் குகைகளில் மாடுகளையும் மனிதரையும் தீட்டினர். கி.பி. 7 முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையான துவாராவதிக் காலத்துப் பௌத்தர், அங்குள்ள பாறைகளைச் சூழச் சீமைக் கற்களை நாட்டினர். பழைய ஓவியங்களோ இன்றும் நிலைத்துள்ளன. பின்வந்த மக்கள், நாமறிந்த உஷை, அநிருத்தன் கதையை அம்மலைக்கே உரியதாக்கிப் பாறையொன்றை உஷையின் மாடமென்றனர்.

உழவன் நடும் எல்லைக் கல் “இஃது எனது” என்னும். சீமைக் கல்லோ துறவியர் கூடிச் சங்கக் கருமம் ஆற்றும் இடத்தையே குறிக்கும்; பிறர் சுவட்டை அழிக்க நாட்டப்பட்டதன்று. பழமை எவரொருவருக்கும் எழுதிக்கொடுத்த உறுதியன்று. அடுக்கடுக்காய் அமைந்த சுவடுகள் அனைத்தையும் ஒருங்கே காப்பதே மரபுரிமையைப் பேணுதலாகும்.